தங்கவயலில் இரண்டரை குண்டா

பிரிட்டனில் 1908ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. காய்கறி போட்டுக்கொள்ள ஊர்மக்கள் துண்டு நிலம் கேட்டால், அதைத் தேடிக் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்றது அந்தச் சட்டம். நிலம் சொந்தமாகாது. ஆண்டு வாடகை கட்டிவிட்டு, விளைவதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இப்படிக் கிடைக்கும் துண்டுக்கு அங்கே அலாட்மென்ட் என்று பெயர். வழக்கமான அளவு அவர்கள் கணக்கில் பத்து ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். கர்நாடகக் கணக்கில் அது சரியாக இரண்டரை குண்டா; தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஆறேகால் சென்ட். இரண்டாம் உலகப் போரில் கப்பலில் உணவு வருவது தடுமாறியபோது இந்தத் துண்டுகள் சுமார் 14 லட்சமாகப் பெருகின. பூங்காக்களைக்கூடக் கொத்தி உருளைக்கிழங்கு நட்டார்கள்.

அதே காலத்தில் கோலார் தங்கவயலை நடத்திக்கொண்டிருந்ததும் ஒரு லண்டன் கம்பெனிதான். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880இல் இங்கே கால்வைத்தது. கார்ன்வால் சுரங்கங்களில் தொழில் பழகியவர்கள் மேற்பார்வைக்கு வந்தார்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூலிக்கு வந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் போட்டார்கள். துரைமார் பங்களாவைச் சுற்றித் தோட்டம் இருந்தது, தோட்டக்காரரும் இருந்தார். அண்டர்கிரவுண்டில் இறங்கியவருக்கோ மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறை, முதுகோடு முதுகு உரசும் ‘லைன்’ வீடு. தங்கள் ஊர்த் தொழிலாளிக்குச் சட்டம் போட்டுத் தந்த இரண்டரை குண்டா மட்டும் தங்கவயலுக்குக் கப்பல் ஏறவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கத்தைக் கடைசியாக நடத்திய மத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் பெயரில் இருக்கும் நிலம் 12 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதை என்ன செய்வது என்று மத்திய அரசும் மாநில அரசும் இன்னமும் பேசிக்கொண்டிருக்கின்றன. தொழிற்பேட்டைக்கு ஆயிரக்கணக்கில் ஏக்கர் ஒதுக்கும் அந்தப் பேச்சில், ஆளுக்கு இரண்டரை குண்டா என்ற ஒரு வரியைச் சேர்த்தால் யாருக்கும் குடி முழுகிவிடாது. நூறு குடும்பத்துக்குக் கொடுத்தாலும் ஆறேகால் ஏக்கர்தான் ஆகும்.

வாடகைத் தோட்டம் நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பெங்களூரில் ஃபார்மிசன் என்ற நிறுவனம் 2017இல் இதைத் தொழிலாகவே தொடங்கியது. நகரைச் சுற்றியுள்ள விவசாயிகளின் நிலத்தை 600 சதுர அடித் துண்டுகளாகப் பிரித்து, மாத வாடகைக்கு நகரவாசிகளுக்குக் கொடுத்தார்கள். என்ன விதைப்பது என்பதை வாடகைக்காரர் செல்போனில் தேர்ந்தெடுப்பார், அன்றாட வேலையை விவசாயி பார்ப்பார், வார இறுதியில் குடும்பத்தோடு போய்ப் பறித்து வரலாம். ஐ.டி. சம்பளக்காரருக்கு அது தோது. விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் தங்கவயல்காரருக்கு மாத வாடகையும் கட்டாது, தினமும் இரண்டு மணி நேரமும் கிடைக்காது. ஆகவே இங்கே பேச வேண்டியது இரண்டரை குண்டாவையும்விடச் சின்ன தோட்டம்: வீட்டுப் பின்புறமோ பக்கவாட்டிலோ கிடைக்கும் 200 சதுர அடி, அரை சென்ட்டுக்கும் குறைவு.

இந்த 200 அடியில் என்ன போடுவது? கோலார் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது தக்காளி. அதில் வியப்பு இல்லை. நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று கோலார் ஏ.பி.எம்.சி. யார்டில் நடக்கிறது. 15 கிலோ பிளாஸ்டிக் பெட்டிதான் அங்கே அளவு. பெட்டிக்கு இன்ன விலை என்றுதான் ஏலம். 2023 ஜூலையில் அந்தப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. தோட்டத்துக்கு ராத்திரிக் காவல் போட்ட செய்திகள் வந்ததும் அப்போதுதான். பெட்டி நூறு ரூபாய்க்கும் கீழே விழும் மாதங்களில் பறிகூலியும் வண்டி வாடகையும் தேறாமல், பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு ஆடு மாட்டை உள்ளே ஓட்டுவதும் இதே மாவட்டத்தில்தான்.

சந்தைக்குப் போகும் தக்காளியை எப்போது பறிப்பது என்பதை லாரி முடிவு செய்கிறது. நான்கைந்து நாள் பயணம் தாங்க வேண்டிய காய் பச்சையாகவே பெட்டிக்குள் போகும். அடிப்பக்கத்தில் லேசாக நிறம் திரும்பும் பருவத்தில் பறித்தது அடுத்த மாநிலம் வரை போகும். முழுதாகச் சிவந்தது உள்ளூரைத் தாண்டாது. வழியில் எத்திலீன் வாயு அதைப் பழுக்கவைக்கும். நிறம் வந்துவிடும், செடியிலேயே பழுத்ததன் ருசி அதற்கு முழுதாக வராது. வீட்டுத் தோட்டத்துக்காரருக்கு லாரி இல்லை. அவருக்குக் கிடைக்கும் லாபம் கிலோ கணக்கில் வருவதே இல்லை, பறிக்கும் நாளைத் தானே முடிவு செய்வதில்தான் இருக்கிறது. சின்ன தோட்டம் போடுகிறவர்கள் பலரும் விதைப்பதில் காட்டும் அக்கறையைப் பறிப்பதில் காட்டுவதில்லை. கைநழுவிப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

எதை விதைப்பது என்பதையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம். ஒரு நாள் தாமதித்தால் தரம் கெடுகிற காய்களும், பறித்த சில மணி நேரத்தில் வாடுகிற கீரைகளும்தான் 200 அடிக்கு ஏற்றவை. வெண்டை, கொத்தவரை, பீன்ஸ், நூக்கோல், சிறுகீரை, கொத்தமல்லி. வெங்காயமும் உருளையும் சாக்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாதவை; அவற்றைக் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். முட்டைக்கோஸ் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு தலையைத் தரும்.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூரில் வாடும் பீன்ஸும் நூக்கோலும் இங்கே வருவதற்கு அந்த உயரமே காரணம். மண் செம்மண், மணல் கலந்தது. தண்ணீர் தேங்காது என்பது நல்லது, சத்தும் தங்காது என்பது கெட்டது. ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் என்று வேளாண் துறையினர் சொல்லும் கணக்கைச் சின்ன இடத்துக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வரும். 200 சதுர அடிக்கு ஏறக்குறைய 45 கிலோ, அதாவது ஒரு மூட்டை. பாத்தி நான்கு அடி அகலத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கமும் நின்று எட்டினால் நடுவில் கை படவேண்டும், கால் படக்கூடாது. மிதிபட்ட செம்மண் வெயிலில் கல்லாக இறுகும்.

தங்கவயலுக்கு என்று தனியாக ஒரு கவலை உண்டு. தோண்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சக்கைதான் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். மொத்தம் 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். சினிமாக்காரர்களுக்கு அவை பாலைவனம். அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். பாறையோடு வந்த ஆர்சனிக், ஈயம் போன்ற உலோகங்கள் அப்படிச் சிதையாது. ஆடிக் காற்றில் இந்தத் தூள் பறந்து வீட்டுக்குள் வருவது ஊரில் எல்லோரும் அறிந்தது.

மேட்டை ஒட்டிய லைன்களில் தோட்டம் போடுகிறவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். உலோகத்தை முதலில் வாங்கிக்கொள்வது கீரையும் கிழங்கும். காய்களுக்குள் அவ்வளவாகப் போவதில்லை. ஆகவே அங்கே தரையில் முள்ளங்கியும் கீரையும் வேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் கட்டி நிரப்பி அதில் வெண்டை, கத்திரி, பந்தல் காய் போடலாம். மேட்டிலிருந்து மழையில் வழிந்தோடி வரும் நீரைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. பறித்ததைத் தூசி போக இரண்டு மூன்று முறை அலச வேண்டும். சந்தேகம் தீர வேண்டுமானால் மண்ணைச் சோதிப்பதுதான் வழி. கோலார் நகரை ஒட்டிய டமகாவில் வேளாண் அறிவியல் மையமும் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன, ஆலோசனைக்கு அங்கே போகலாம். வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் சொல்லும். கன உலோகத்தைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஆண்டெல்லாம் ஓடும் ஆறு இந்த மாவட்டத்தில் இல்லை. பாலாறு பெயருக்கு நந்தி மலையில் தொடங்கி பேத்தமங்கலம் வழியாகப் போகிறது. மழை ஆண்டுக்கு 750 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் பெரும்பங்கு செப்டம்பர், அக்டோபரில். போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கே.சி. வேலி திட்டத்தில் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலத்தடி நீர் ஊறுவதற்கு மட்டும், நேராகப் பயிருக்குப் பாய்ச்சக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நீரின் தரம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

வீட்டுத் தோட்டத்தின் கணக்கு இவ்வளவு பெரியதல்ல. வெயில் மாதத்தில் காய்கறிப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் குடிக்கும். 200 சதுர அடி என்பது 18 சதுர மீட்டர் சொச்சம். ஆக, 80 முதல் 90 லிட்டர், ஆறு வாளி. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், துணி அலசிய கடைசித் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தால் நாலு பேர் உள்ள வீட்டில் பாதியாவது தேறும். (சோப்பு நுரையோடு இருக்கும் முதல் தண்ணீர் வேண்டாம், அது வாழைக்குப் போகட்டும்.) செடியின் அடியில் காய்ந்த இலையையும் ராகித் தாளையும் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் இன்னும் ஒரு வாளி மிச்சமாகும். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் ஒரு வாளி என்பது சாதாரணம் இல்லை.

முறை தவறித் தண்ணீர் விட்டால் தக்காளி உடனே காட்டிக்கொடுத்துவிடும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், பழத்தின் அடியில் கறுத்த தோல் போலப் பள்ளம் விழும். பூச்சி என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் தண்ணீர் ஒழுங்காக ஓடாததால் பழத்தின் நுனிக்குப் போய்ச் சேராமல் வருவதுதான் அது. இலைகள் சுருண்டு செடி குட்டையாக நின்றால் அது வேறு: வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர மருந்து கிடையாது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்ற கலப்பினம் இந்த இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். 200 அடியில் ஆறு செடி போதும். ஓரத்தில் செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி முட்டையிட அந்தப் பூவைத் தேடிப் போகும், காய்க்கு வரும் சேதம் குறையும். பூஜைக்குப் பூவும் ஆச்சு.

இனிப் பறிப்பு.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்குகிறவர் எவரும் “பிஞ்சா பாத்துப் போடுக்கா” என்று சொல்லாமல் இருப்பதில்லை. கூடவே நுனியை ஒடித்தும் பார்ப்பார்கள். சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். தோட்டத்தில் அந்த வேறுபாடு இரண்டு நாள்தான். பூ பூத்த ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் காய் பறிபட வேண்டும். விதைத்த 45 நாளில் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கத்தியோடு போகவேண்டும். முற்றிய காய் ஒன்றைச் செடியில் விட்டுவைத்தால் விதை முதிர்ந்தாயிற்று, வந்த வேலை முடிந்தது என்று செடி அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும். பீன்ஸும் கத்திரியும் இப்படித்தான். குழம்புக்கு வேண்டாவிட்டாலும் பறித்துப் பக்கத்து வீட்டுக்காவது கொடுத்துவிட வேண்டும்.

கத்திரிக்காய்க்குச் சாட்சி தோலின் மினுமினுப்பு. மினுப்பு மங்கினால் உள்ளே விதை பழுப்பேறிவிட்டது என்று அர்த்தம். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கித் திரும்ப எழ வேண்டும். கத்திரியில் இன்னொரு கண்ணும் வேண்டும்: காலையில் ஒரு நுனி மட்டும் தலை சாய்ந்து வாடி நின்றால் தண்டுக்குள் புழு இருக்கிறது. அந்த நுனியைப் புழுவோடு கிள்ளி நசுக்கிவிட்டால் அது காய்க்குள் இறங்காது. ஏக்கர் கணக்கில் போட்டவருக்கு இது நடக்காத காரியம், எட்டுச் செடி வைத்தவருக்கு இரண்டு நிமிட வேலை. நூக்கோல் டென்னிஸ் பந்து அளவைத் தாண்டும் முன் வெட்டினால் பச்சையாகவே கடிக்கலாம். அதற்கு மேல் நார்தான். பீன்ஸ் செடியைப் பனி ஈரம் காய்ந்த பிறகே தொட வேண்டும். ஈரத்தில் கைபட்டால் ஒரு செடியின் இலைநோய் எல்லாச் செடிக்கும் பரவும். கீரைக்கு இந்த விதி இல்லை, வெயில் ஏறும் முன் விறைப்பாக இருக்கும்போதே அறுப்பது நல்லது.

பூ நிறைய, காய் இல்லை என்ற புலம்பல் பந்தல் கொடி போட்டவர்களிடம் கேட்பது. பூசணியிலும் சுரையிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் ஆண். பெண் பூவின் கீழே குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். தேனீ குறைந்த இடத்தில் மனிதர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்: ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். பூசணியின் மஞ்சள் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். சுரையின் வெள்ளைப் பூ சாயங்காலம் விரிவது, அந்துப்பூச்சிக்காக. காலை ரயிலில் போய் இரவு திரும்புகிறவர்கள் பூசணியை விட்டுச் சுரையைப் போடலாம்.

இவை அத்தனையும் ஒரு பக்கம் இருக்க, கோலார் சீமையில் காய்கறி என்றால் மார்கழி, தையில் வரும் அவரைதான். பிஞ்சுக் காயைச் சமைக்கும் பந்தல் அவரை வேறு. இது உள்ளே இருக்கும் பச்சைக் கொட்டைக்காக வளர்ப்பது, மொச்சை இனம். ராகிக் கொல்லையில் ஊடுபயிராகப் போடும் இந்தச் செடி, பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பது. ஜூனில் விதைத்தாலும் ஆகஸ்டில் விதைத்தாலும் பகல் குறுகும் வரை இலையும் கொடியுமாகவே நிற்கும். பூத்துக் காய் பிடித்த பின் தோலின் மேல் எண்ணெய் போல ஒரு பிசின் ஊறும். காயை உரிக்கும் கையில் அந்த வாசம் அன்று முழுதும் போகாது. பனி கொட்டும் காலங்களில் வாசம் கூடுதல் என்று சொல்லி, மார்க்கெட்டில் காயை மூக்கருகே வைத்துப் பார்த்தே பேரம் பேசுவார்கள்.

உரித்த கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிதுக்கித் தோல் நீக்கினால் பிதுக்குப் பருப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் குழம்பு என்றால் பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்து பிதுக்க வேண்டியிருக்கும். களி உருண்டையோடு அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு உழைப்பு பெரிதாகத் தெரியாது.

வீட்டுத் தோட்டத்தில் இதற்கு இரண்டு வழி. பழைய உள்ளூர் விதை கிடைத்தால் ஆடிக்குள் வேலி ஓரமாக ஊன்றிவிட வேண்டும். கொடி எட்டடி போகும், டிசம்பரில் தொடங்கி ஒரு மாதம் காய்க்கும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டவர்களுக்கு பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை ரகங்கள் உண்டு. எச்.ஏ.3, எச்.ஏ.4 இரண்டும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஆண்டில் எந்த மாதமும் பூக்கும் குட்டைச் செடிகள். விதைத்த இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனதும் முதல் பறிப்புக்குத் தயாராகும். எதுவானாலும் விதைக்கென்று இரண்டு செடியில் கை வைக்காமல் விட்டு, காய் ஓலைபோல உலர்ந்த பின் எடுத்து, சாம்பல் கலந்து டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த ஆடிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.